பீப்பாயில் எழுதியிருந்த தொலைபேசி எண்

திரையேறிய பேய்கள் – அத்தியாயம் 11

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பஸ், கொண்டை ஊசி வளைவுகளில் முனகிக்கொண்டே வடகவுஞ்சிப் பிரிவை நெருங்கும்போது ஜன்னலில் பனி வந்து ஒட்டிக்கொள்ளும். எதிரே வருவது லாரியா, மாடா, மனிதனா என்று பத்தடிக்கு மேல் தெரியாது. கீழேயிருந்து வரும் சுற்றுலாக்காரர்களுக்கு இது அசல் பேய்ப்படக் காட்சி. செல்போனை நீட்டிவிடுவார்கள். மேலே குடியிருப்பவர்களின் பயம் வேறு. இருட்டிய பிறகு தோட்டத்துக்குள் யானை இறங்கினால் ஒரு வருஷத்து வாழை ஒரே ராத்திரியில் போய்விடும். யானையோடு ஒப்பிட்டால் பேய் சாதுவான பிராணி.

இத்தனைக்கும் பழனிமலைத் தொடரில் செத்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தாண்டிக்குடி, பேத்துப்பாறை என்று மலை நெடுகக் கல்திட்டைகள் கிடக்கின்றன. நாலு பக்கமும் பலகைக்கல் நட்டு, மேலே ஒரு பெருங்கல்லைக் கூரையாகப் போட்ட ஈமச் சின்னங்கள். செண்பகனூர் இயேசு சபைப் பாதிரியார் ஆங்கிலேடும் நியூட்டன் என்பவரும் இவற்றை அளந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-இல் வெளியிட்டது. பெருங்கற்காலத்தில் அந்தக் கல் வீடுகளைக் கட்டியவர்கள் யாரும் இன்றுவரை எழுந்து வெளியே வந்ததில்லை.

வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

சென்ற இதழில் 'முனி'யையும் 'காஞ்சனா'வையும் பார்த்தோம். 2007-இல் வந்த முதல் படத்தின் முனியாண்டி, குப்பத்து மக்களுக்கு நல்லது நடக்கும் என்று நம்பி ஓர் அரசியல்வாதிக்காகத் தேர்தல் வேலை பார்த்து, அந்த ஆளாலேயே கொல்லப்பட்டவன். 2011-இல் வந்த காஞ்சனா, ஆஸ்பத்திரி கட்ட வைத்திருந்த நிலத்தை ஒரு எம்.எல்.ஏ. பறித்துக்கொள்ள, அதைத் தட்டிக்கேட்டு உயிரை விட்ட திருநங்கை. இரண்டு பேயும் கையில் மனுவோடு வந்த பேய்கள். பெயர் உண்டு, ஊர் உண்டு, குறை உண்டு, எதிரி இன்னார் என்ற தெளிவும் உண்டு. கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை நிற்கும் வரிசைக்கும் தமிழ்ப் பேய்க்கும் பெரிய வித்தியாசமில்லை. மனுதாரர் உயிரோடு இல்லை, அவ்வளவுதான். கேட்டது கிடைத்துவிட்டால் கிளம்பிவிடும்.

ஜாம்பி அப்படியில்லை. அதற்குப் பெயர் கிடையாது, குறை கிடையாது, எதிரியும் கிடையாது. அது கூட்டம். நேற்றுவரை பக்கத்து வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் இன்றைக்கு அந்தக் கூட்டத்தில் ஒருவர். தனி ஆளின் அநியாயச் சாவைச் சொல்லப் பேய் போதும். ஒரு சமூகமே மொத்தமாகப் புத்தி கெட்டு நடப்பதைச் சொல்ல வேண்டுமானால் ஜாம்பி வேண்டும். அரசியல் நையாண்டிக்காரர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது இதனால்தான்.

அது பிறந்த இடம் கரும்புத் தோட்டம். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு ஹைதிக்கு வந்த நம்பிக்கை அது. அங்கே ஜாம்பி யாரையும் கடிக்காது. பாவம், அது வேலை செய்யும். செத்த பிறகாவது ஓய்வு கிடைக்கும் என்று நினைத்த அடிமையை, செத்த பிறகும் எழுப்பி வேலை வாங்குவார்கள் என்பதுதான் அந்தக் கதையின் பயம். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடியிருக்கிறான். அந்தத் துயரத்தின் கரீபிய வடிவம் இது என்று வைத்துக்கொள்ளலாம். 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை ஹைதியைப் பிடித்து வைத்திருந்தது. அந்த ஆக்கிரமிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, 1932-இல், விக்டர் ஹால்பெரின் 'ஒயிட் ஜாம்பி' எடுத்தார். பெலா லுகோசி அதில் சர்க்கரை ஆலைக்காரன். ஆலையில் செக்கைச் சுற்றுவதெல்லாம் பிணங்கள். ஒன்று தவறி எந்திரத்துக்குள் விழுகிறது, மற்றவை நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. முதலாளித்துவத்தைப் பற்றி ஹால்பெரின் எதுவும் சொல்ல நினைத்தாரோ இல்லையோ, அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது.

தோட்டத்து ஜாம்பியை ஊருக்குள் கொண்டுவந்து, அதற்கு மனித மாமிசத்தை ஊட்டியவர் ஜார்ஜ் ரோமெரோ. 1940-இல் நியூயார்க்கில் பிறந்து, பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துப் பிழைத்தவர். ஏறத்தாழ 1,14,000 டாலரில், கறுப்பு வெள்ளையில், பென்சில்வேனியா மாநிலத்து எவன்ஸ் சிட்டி என்ற சிற்றூரின் பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டை வைத்துக்கொண்டு 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' படத்தை எடுத்தார். 1968 அக்டோபர் 1-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் முதல் காட்சி. பிணங்கள் ஏன் எழுந்தன? வீனஸ் கோளுக்குப் போய் வந்த விண்கலத்தின் கதிர்வீச்சு என்று டி.வி.யில் யாரோ சொல்கிறார்கள். ரோமெரோவுக்கு அதில் அக்கறையில்லை. அவருடைய கேமரா வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட உயிருள்ளவர்களைப் பார்க்கிறது. மேலேயா, நிலவறையா என்று அவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்க்கிறது.

அந்தக் கூட்டத்தில் புத்தியுள்ள ஒரே ஆள் பென். நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவர். பாத்திரம் கறுப்பினத்தவர் என்று எழுதப்படவில்லை, வந்தவர்களில் நன்றாக நடித்தவர் அவர் என்பதால் எடுத்துக்கொண்டோம் என்றுதான் ரோமெரோ கடைசிவரை சொன்னார். ராத்திரி முழுக்கப் பிணங்களிடம் தப்பிய பென்னை விடிந்ததும் ஷெரீப்பின் ஆட்கள் ஜாம்பி என்று நினைத்துச் சுட்டுத் தள்ளுகிறார்கள். கொக்கியால் இழுத்துக்கொண்டு போய் மற்றப் பிணங்களோடு போட்டு எரிக்கிறார்கள். படத்தை முடித்து, பிரிண்டைக் காரில் போட்டுக்கொண்டு நியூயார்க்குக்குப் போகும் வழியில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை ரேடியோவில் கேட்டார்கள். படத்தில் மாற்ற ஒன்றுமில்லை. நாடு படத்தைப் பிடித்துவிட்டது.

ஜாம்பிப் படங்களின் தகப்பன் என்று பெயர் வாங்கிய இந்த மனிதருக்குப் பிடித்த படம் எது என்று கேட்டால் யாரும் பேய்ப்படம் ஒன்றைத்தான் எதிர்பார்ப்பார்கள். அவர் சொன்னது ஆப்பரா. மைக்கேல் பவலும் எமெரிக் பிரெஸ்பர்கரும் 1951-இல் எடுத்த 'த டேல்ஸ் ஆஃப் ஹாஃப்மன்'. பாட்டும் நடனமும் வண்ணமுமாக ஓடும் படம். அதைப் பார்த்துத்தான் சினிமா எடுக்கவேண்டும் என்று தோன்றியது என்றார். சிறுவனாக இருந்தபோது அதன் பிரிண்டை வாடகைக்கு எடுக்கப் போவாராம். சில நாள் இருக்காது, வேறொரு பையன் எடுத்துப் போயிருப்பான். அந்தப் பையன் மார்ட்டின் ஸ்கார்செசி. இதைப் பிற்பாடு இருவரும் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

அந்த ஆப்பராவில் ஒலிம்பியா என்று ஓர் எந்திரப் பொம்மை உண்டு. அவளை உயிருள்ள பெண் என்று நம்பிக் கதாநாயகன் காதலிக்கிறான். கடைசியில் சண்டைக்காரர்கள் இருவர் பொம்மையை இழுத்துப் பிய்க்க, கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், தலை தனியே. ரோமெரோ படங்களில் உடம்புகள் பிய்க்கப்படும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு அது எங்கிருந்து வந்திருக்கும் என்ற சந்தேகம் எழாமல் இருக்காது. உயிர் இருப்பதுபோல அசையும், உள்ளே ஒன்றுமில்லை. ஜாம்பிக்கும் ஒலிம்பியாவுக்கும் இலக்கணம் ஒன்றே.

1978-இன் 'டான் ஆஃப் த டெட்' படத்தில் பிணங்கள் மான்ரோவில் என்ற ஊரின் நிஜமான ஷாப்பிங் மாலுக்குள் புகுந்து, நகரும் படிக்கட்டில் சும்மா ஏறி இறங்குகின்றன. உயிரோடு இருந்தபோது பழகிய பழக்கம். அந்தக் காலத்துத் தமிழ் ரசிகனுக்கு மால் என்றால் என்னவென்று புரிந்திருக்காது. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தி.நகர் ரங்கநாதன் தெருவைக் காட்டியிருந்தால் உடனே புரிந்திருக்கும். 1985-இல் ராணுவத்தையும் 2005-இல் பணக்காரர்களின் அடுக்குமாடிக் கோட்டையையும் ரோமெரோ தொட்டார்.

அவரைக் கும்பிட்டுப் படமெடுத்தவர்களில் ஜோ டான்டேயின் மரியாதை விசேஷமானது. 2005 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'ஹோம்கமிங்' என்ற ஒரு மணி நேரப் படத்தில், போரில் செத்த சிப்பாய்கள் சவப்பெட்டியை உடைத்துக்கொண்டு எழுகிறார்கள். யாரையும் தின்ன வரவில்லை. ஓட்டுப் போட வருகிறார்கள். தங்களைப் பொய் சொல்லிப் போருக்கு அனுப்பிய ஜனாதிபதிக்கு எதிராக. ஓட்டுப் போட்டதும் நிம்மதியாகச் சரிந்து விழுகிறார்கள். இராக் போர் நடந்துகொண்டிருந்த சமயம் அது. அந்தப் படத்தின் இடுகாட்டுக் கல்லறைகளில் பொறித்த பெயர்களைக் கவனித்தால் ஜாம்பிப் பட இயக்குநர்களின் பெயர்கள். ஜி.ஏ. ரோமெரோ என்று ஒரு கல். ரோமெரோ அப்போது உயிரோடுதான் இருந்தார், 2017-இல்தான் காலமானார்.

செத்தவர் ஓட்டு என்பது அமெரிக்கர்களுக்கு அதிர்ச்சி. தமிழ்நாட்டு வாக்குச்சாவடி முகவர்களிடம் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். இங்கே அதற்காகக் கல்லறையை விட்டு எழுந்து வரவேண்டிய கஷ்டம்கூடச் செத்தவருக்குக் கிடையாது.

கியூபா இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 2011-இல் அலெஹாந்த்ரோ புரூகேஸ் எடுத்த 'ஹுவான் ஆஃப் த டெட்' படத்தில் ஹவானா தெருக்களில் பிணங்கள் அலைகின்றன. அரசுத் தொலைக்காட்சி அமைதியாக அறிவிக்கிறது: இவர்கள் அமெரிக்காவிடம் பணம் வாங்கிய எதிர்ப்பாளர்கள். அரசாங்கச் செய்தி வாசிப்பைப் பற்றி இதைவிடக் கச்சிதமான நக்கல் இந்த வகைப் படங்களில் வேறு இல்லை.

நம் பக்கம் வருவோம். மாமிசம் தின்னும் பிணக் கூட்டத்தை வைத்து நையாண்டி செய்வது தமிழுக்குப் புதிதா? எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷப் பழசு. முதற் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை அடித்ததைப் பாடிய செயங்கொண்டார், போர்க்களத்துக்குப் பேய்களைச் சமைக்க அனுப்பினார். செத்த வீரர்களின் உடம்பை வைத்துக் கூழ் காய்ச்சுகின்றன. பரிமாறும்போதுதான் புலவரின் குறும்பு தலையெடுக்கிறது. பார்ப்பனப் பேய், சமணப் பேய், பௌத்தப் பேய் என்று தனித்தனிப் பந்தி. சமணப் பேய்க்கு அதன் ஆசாரம் கெடாமல் மயிர் நீக்கி வடிகட்டித் தருகிறார்கள், பௌத்தப் பேய்க்கு மூளைக் கஞ்சி. ஊரிலுள்ள அத்தனை பிரிவும் செத்தபின்னும் பந்தியில் பிரிந்து உட்காரும் என்று ராஜசபையிலேயே பாடிய துணிச்சலை என்னவென்பது! பரணியில் ஒரு பகுதிக்குக் காளிக்குக் கூளி கூறியது என்றே தலைப்பு. ரோமெரோ தன் முதல் படத்தில் ஜாம்பி என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. அதில் அவற்றின் பெயர் 'கூல்'. கூளிக்கும் கூலுக்கும் உறவு கொண்டாட யாரும் கிளம்ப வேண்டாம். அது அரபியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்.

அடுத்த நிறுத்தம் 1968. பிட்ஸ்பர்க்கில் ரோமெரோவின் பிணங்கள் எழுந்த அதே வருஷம், சென்னை நாடக மேடையில் ஒரு கல்லறை திறந்தது. சோ எழுதிய 'முகமது பின் துக்ளக்'. மண்ணைத் தோண்டும்போது, அறுநூறு வருஷத்துக்கு முன் புதைந்த துக்ளக்கும் இபன் பதூதாவும் உயிரோடு எழுந்து வருகிறார்கள். வந்தவர்கள் தேர்தலில் நிற்கிறார்கள். துக்ளக் பிரதமராகிறான். கட்சி மாறி வரும் எம்.பி.க்கள் எல்லோருக்கும் துணைப் பிரதமர் பதவி. மொழிச் சண்டைக்குத் தீர்வு, பாரசீகம் ஆட்சிமொழி. இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து மூன்று வருஷம், காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஆட்சியை இழந்து ஒரு வருஷம் ஆகியிருந்த நேரம் அது. அரங்கு எப்படிச் சிரித்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

துக்ளக்கும் பதூதாவும் போலிகள். மக்கள் எவ்வளவு எளிதில் ஏமாறுகிறார்கள் என்று காட்டிவிட்டு வேஷத்தைக் கலைப்பதாகத் திட்டம். நாற்காலி ருசி கண்டவன் கலைக்க மறுக்கிறான். உண்மையைச் சொல்ல வந்தவனைக் கூட்டம் நம்பவில்லை, துக்ளக் பக்கமே நிற்கிறது. பென்னைச் சுட்ட ஷெரீப்பின் கூட்டத்தையும் இந்தக் கூட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பிட்ஸ்பர்க்காரரைச் சோவும், மயிலாப்பூர்க்காரரை ரோமெரோவும் அப்போது கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வருஷத்தில் ஒரே சந்தேகம் வந்திருக்கிறது: கல்லறையிலிருந்து எழுந்தவனைவிட அவனைச் சுற்றி நிற்கும் கூட்டம் ஆபத்தானது.

1970 பொங்கலன்று சோ தொடங்கிய பத்திரிகைக்கும் துக்ளக் என்றே பெயர். 1971-இல் நாடகம் அவரது முதல் இயக்கமாகத் திரைக்கு வந்தது, இசை எம்.எஸ்.விஸ்வநாதன். அதற்கு ஆளுங்கட்சித் தரப்பிலிருந்து வந்த இடைஞ்சல்கள் தனிக் கதை. சோவின் பிற்கால அரசியலை ஏற்காதவர்களும் அந்தக் கல்லறைக் காட்சியை மறுக்கமாட்டார்கள். தமிழில் அரசியல் நையாண்டிக்காக ஒரு பிணம் எழுந்து நடந்ததில் இன்றுவரை அதை மிஞ்ச ஒன்றும் வரவில்லை, அந்தப் பிணமே போலி என்றாலும்.

இப்போது பீப்பாய்.

ரோமெரோவோடு முதல் படத்தை எழுதியவர் ஜான் ருஸ்ஸோ. இருவரும் பிரிந்தபோது 'லிவிங் டெட்' என்ற பெயர் ருஸ்ஸோ பக்கம் போயிற்று. அந்த வழியில் 1985-இல் வந்தது டான் ஓபன்னனின் 'த ரிட்டர்ன் ஆஃப் த லிவிங் டெட்'. ஜாம்பி மூளை தின்னும் என்ற வழக்கம் திரையில் தொடங்கியது இதில்தான் (செயங்கொண்டார் காப்புரிமை கேட்கலாம்). படத்தில் ஒரு மருத்துவச் சாமான் கிடங்கின் அடித்தளத்தில் சில பீப்பாய்கள் கிடக்கின்றன. ராணுவம் தயாரித்த விஷ ரசாயனம், தவறிப்போய் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஊழியர் ஒருவர் தட்டிக்காட்ட, பீப்பாய் ஒழுகுகிறது, பிணங்கள் எழுகின்றன. அந்தப் பீப்பாயின் மேல் ராணுவத்தின் தொலைபேசி எண் அச்சிட்டிருக்கிறது. கடைசியில் ஒருவன் அந்த எண்ணுக்குப் போன் செய்கிறான். ராணுவம் மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு முகவரியைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அந்த ஊர்மேலேயே அணுகுண்டு போட்டுவிடுகிறது. சிரிக்கவைத்துக்கொண்டே இத்தனை குரூரமாக ஓர் அரசாங்கத்தைக் காட்டிய படம் குறைவு.

2016 பிப்ரவரி 19. தமிழின் முதல் ஜாம்பிப் படம் என்ற விளம்பரத்தோடு 'மிருதன்' வெளியாயிற்று. சக்தி சௌந்தர் ராஜன் இயக்கம், ஜெயம் ரவி, லட்சுமி மேனன், இசை டி.இமான். மிருகமும் மனிதனும் ஒட்டிய பெயர், நல்ல பெயர். ஊட்டியில் ரசாயனப் பீப்பாய் ஒன்று ஒழுகுகிறது, ஒரு நாய் அதை நக்குகிறது. நாய் கடித்த மனிதன், மனிதன் கடித்த மனிதன் என்று மலை நகரமே வெறி பிடித்து அலைகிறது. வெறிநாய்க்கடி நோயாளிபோல இந்த ஜாம்பிகளுக்கும் தண்ணீர் என்றால் பயம். வெளிநாட்டுச் சரக்கை உள்ளூர் அனுபவத்தோடு ஒட்டிய அந்த யோசனைக்கு இயக்குநருக்கு ஒரு சபாஷ் போடலாம். நாயகன் போக்குவரத்துக் காவலர். ஆயிரம் பேர் வெறியோடு ஓடிவரும் சாலையில் ஒழுங்கு காக்கவேண்டியவன் டிராபிக் போலீஸ்காரன் என்பதில் நையாண்டிக்கு எவ்வளவு இடம் இருக்கிறது! படம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தங்கை பாசம், காதல், துப்பாக்கி, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி என்று ஓடிவிடுகிறது.

ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்கவில்லை. பீப்பாய் யாருடையது? ஊட்டி மலைக்கு அதைக் கொண்டுவந்தது எந்தக் கம்பெனி? ஓபன்னன் பீப்பாயில் தொலைபேசி எண் இருந்தது. மிருதனின் பீப்பாயில் இல்லை. ரோமெரோவும் காரணத்தைத் தேடவில்லையே என்று வாதிக்கலாம். தேடவில்லை. அவர் துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்று பார்த்தார். மிருதன் இரண்டையும் பார்க்கவில்லை.

2013-இல் ராஜ், டி.கே. இருவரும் இந்தியில் எடுத்த 'கோ கோவா கான்' போதைப் பார்ட்டியைக் கிண்டலடித்ததோடு திருப்திப்பட்டுக்கொண்டது. 2019-இல் யோகி பாபுவை வைத்துத் தமிழில் வந்த 'ஜாம்பி' சிரிப்புக்காக வந்த படம், அதை அந்த அளவிலேயே விட்டுவிடலாம். பல் உள்ள இந்தியப் படைப்பு 2020 மே மாதம் நெட்பிளிக்ஸில் வந்த 'பேதாள்'. பேட்ரிக் கிரஹாமும் நிகில் மகாஜனும் இயக்கிய நாலு பகுதித் தொடர். நெடுஞ்சாலைக்காரருக்காக ஒரு பழங்குடிக் கிராமத்தைக் காலிசெய்யத் துணை ராணுவப் படை போகிறது. எதிர்த்து நிற்பவர்களுக்கு நக்சலைட் பட்டம். அடைத்து வைத்த மலைச் சுரங்கத்தை உடைத்தால் உள்ளேயிருந்து வருவது கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவப்புச் சட்டைப் படை, பிணமாக. அன்றைய கம்பெனிக்கும் இன்றைய கம்பெனிக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருந்தது, அதையும் நீங்களே இடித்துவிட்டீர்கள் என்கிறது கதை. பின்பாதி தடுமாறும். ஆனால் பளியர்களும் பிற மலைவாசிகளும் 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் காகிதத்துக்காக இன்னும் அலைந்துகொண்டிருக்கும் பழனிமலையில், அந்த முதல் பகுதியைக் கற்பனை என்று ஒதுக்குவது எளிதல்ல.

மிருதன் கேட்காத கேள்வியை நிஜத்தில் கேட்ட மலை நகரம் ஒன்று இருக்கிறது. வடகவுஞ்சியிலிருந்து அதே சாலையில் மேலே ஏறி, பெருமாள்மலையைத் தாண்டினால் வரும் கொடைக்கானல்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 1983 வாக்கில் பெயர்த்தெடுக்கப்பட்டு, கொடைக்கானல் செயின்ட் மேரீஸ் சாலைக்கு வந்து இறங்கியது. முதலில் பாண்ட்ஸ், பிறகு கைமாறி இந்துஸ்தான் லீவர். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாய்கள் இங்கே தயாராகி வெளிநாடு போயின. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் குவிந்து கிடப்பதை முன்னாள் தொழிலாளர்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 5.3 டன் கண்ணாடிக் கழிவு அந்தக் கடைக்கு விற்கப்பட்டதாக நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. ஆலையை ஒட்டியது பாம்பார் சோலை. பாம்பாறு தெற்குச் சரிவில் கும்பக்கரை அருவியை நோக்கி இறங்குவது. வடகவுஞ்சி வடக்குச் சரிவு என்பதால் அந்தத் தண்ணீர் இந்தப் பக்கம் வராது. மலையில் இந்த மாதிரி அதிர்ஷ்டங்கள் நீரோட்டத்தைப் பொறுத்தவை.

தொழிலாளர்களின் உடல்நலம் ஆலையால் கெடவில்லை என்பது நிறுவனத்தின் நிலை. கெட்டது என்பது தொழிலாளர்களின் வழக்கு. பத்து வருஷம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். இந்தக் கூட்டத்தையும் ஊர் மறந்துவிட்டது. சாகவில்லை, ஆனால் யார் கண்ணுக்கும் தெரியாமல் நடந்துகொண்டிருந்தார்கள். நினைவுபடுத்தியது ஒரு பாட்டு. 2015 ஜூலை 30-இல் யூடியூபில் வந்த 'கொடைக்கானல் வோன்ட்'. நிக்கி மினாஜின் 'அனகோண்டா' மெட்டில் சென்னைப் பெண் சோபியா அஷ்ரப் ராப் பாடினார். நிறுவனத்தின் விளம்பர அழகை அதன் கழிவோடு சேர்த்துக் கலாய்க்கும் பாட்டு. சில நாளில் பல லட்சம் பேர் பார்த்தார்கள். மினாஜே ட்விட்டரில் பகிர்ந்தார். தாய் நிறுவனமான யூனிலீவரின் அன்றைய தலைமை அதிகாரி பால் போல்மன் பதில் சொல்லவேண்டி வந்தது.

அந்த வீடியோவை இயக்கியவர் பெயரைக் கவனியுங்கள்: ரதீந்திரன் ஆர். பிரசாத். தொழில்முறையில் அவர் திகில் பக்கத்து ஆள். 'இது வேதாளம் சொல்லும் கதை' என்ற படத்தை எடுத்தவர். 2021-இல் நெட்பிளிக்ஸின் 'நவரசா' தொகுப்பில் பயம் என்ற சுவைக்கான 'இன்மை'யை இயக்கியவரும் அவர்தான், சித்தார்த்தும் பார்வதியும் நடித்தது. வேதாளம் என்பது பிணத்துக்குள் புகுந்துகொண்டு கேள்வி கேட்கும் பேய். விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு, பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று மிரட்டும். கொடைக்கானல் வீடியோ செய்த வேலையும் அதுதான். ஜாம்பி வேஷம் போட்ட ஒரு துணைநடிகர்கூட இல்லாமல், தமிழ்நாட்டில் எடுக்கப்பட்ட அசலான நச்சுப் பீப்பாய்ப் படம் அந்த மூன்று நிமிஷ ராப். அதில் பீப்பாய்க்கு உரிமையாளர் உண்டு, அவர் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுகிறார்.

மிருதன் வெளியாகிப் பத்தொன்பது நாள் கழித்து, 2016 மார்ச் 9-ஆம் தேதி, 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டதாக நிறுவனம் அறிவித்தது. மனிதாபிமான அடிப்படையில் என்றார்கள். தொகை வெளியிடப்படவில்லை. ஊட்டியின் கற்பனைப் பீப்பாய் தியேட்டரில் வசூல் பார்த்துக்கொண்டிருந்தபோது, கொடைக்கானலின் நிஜப் பீப்பாய் கோர்ட்டில் கணக்கு முடித்துக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்த விமர்சனம் ஒன்று வந்திருக்கவேண்டும்.

கழிவு என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிட வேண்டும். மூஞ்சிக்கல் சில்லுகளையும் ஆலையில் தேங்கியவற்றையும் பீப்பாய்களில் அடைத்து, 2003-இல் கப்பலேற்றினார்கள். மொத்தம் 290 டன். அது போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்காவின் ஹெல்லர்டவுன், பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை உள்ள ஊர். பெயரைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம், ஹெல்லர் என்பது அங்கே குடியேறிய குடும்பத்தின் பெயர். ரோமெரோவின் பிணங்கள் முதன்முதலில் எழுந்து நடந்த எவன்ஸ் சிட்டி பென்சில்வேனியா மாநிலத்தின் மேற்கில் இருக்கிறது. ஹெல்லர்டவுன் அதே மாநிலத்தின் கிழக்கில்.

(தொடரும்)